பல்லுக்கு 30 ஹெர்ட்ஸ்: அதிர்வுக் கருவியும் அதை விற்ற கிளினிக்கும்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதுவரைதான் படிப்பீர்கள். பல் கம்பி போட்டவர்களிடம் "சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லி விற்கும் அதிர்வுக் கருவி, பொருள் என்ற அளவில் நன்றாகத்தான் இருக்கிறது. சார்ஜ் நிற்கிறது, கழுவ எளிது, பெட்டியில் போட்ட அதிர்வைச் சரியாகத் தருகிறது. பல்லை வேகமாக நகர்த்துகிறதா? எனக்கு நகர்த்தவில்லை, ஒழுங்காக நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றிலும் நகர்த்தவில்லை. ஐந்துக்கு இரண்டு, அதுவும் தயாரிப்பின் தரத்துக்காக. கம்பி போட்ட மருத்துவருக்கு நாலரை. கிளினிக் கவுண்டருக்கு எத்தனை என்பதைக் கீழே படித்துவிட்டு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் யார் என்பது இங்கே கொஞ்சம் முக்கியம். சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஒரு ஆலையில் பம்பு, கம்ப்ரசர், ஃபேன் ஆகியவற்றின் அதிர்வை அளப்பது என் வேலை. எந்த பேரிங் எப்போது போகும், எந்த ஷாஃப்ட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்பதை அதிர்வை வைத்துச் சொல்ல வேண்டும். அதனால் கவுண்டரில் இருந்த பெண் "இது வைப்ரேஷன் மெஷின் அங்கிள், ரொம்ப நியூ டெக்னாலஜி" என்றதும் என் காது நிமிர்ந்தது உண்மை. எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விளம்பரத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாற்பது தாண்டியபின் கம்பி போட்டவன் நான். கீழ் வரிசையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடுக்கில் காறை சேர்ந்து, ஈறு அடிக்கடி வீங்கும். மேல் வரிசை முன்னால் தள்ளியிருந்தது. மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, அந்த இடத்துக்கு முன்பற்களை இழுக்கும் சிகிச்சை. "இந்த வயசுல எதுக்குங்க?" என்று மனைவி கேட்டார். என் மகனுக்கு மட்டும் ஒரே குஷி, அவன் வகுப்பில் பாதிப் பேர் கம்பியோடுதான் இருக்கிறார்கள்.

கிளினிக் கிழக்குப் பக்கம், எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியில். பெயர் வேண்டாம். மொத்தச் செலவு ஒரு நல்ல குடும்பச் சுற்றுலாவை விழுங்கும் அளவு. மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடிக்கும் மெடிசேவ் சேமிப்பை இதற்குத் தொட முடியாது. அறுவை சிகிச்சை இல்லாத வெறும் கம்பிக்குக் கைக்காசுதான். அப்படி கைக்காசு கொடுக்கும் ஆளிடம் கூடுதலாக ஒரு தாளை நீட்டினார்கள். தலைப்பு "விரைவுத் திட்டம்" என்ற மாதிரி. அதில் மூன்று வரி: அதிர்வுக் கருவி, ஒளிக் கருவி, எலும்பில் நுண்துளை. முதலாவதே ஆயிரம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியது. வாங்க வேண்டாம் என்றால் முன்பணம் கட்டி மாத வாடகைக்கு எடுக்கலாம். நான் வாடகைக்கு எடுத்தேன். வேகமாக முடியும் என்று நம்பி அல்ல, கருவியை மேசைமேல் வைத்து அளந்து பார்க்கலாமே என்ற தொழில் ஆசை.

கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன், பல் எப்படி நகர்கிறது என்று சொல்லியாக வேண்டும். இது தெரியாமல் அந்தத் தாளில் இருக்கும் எந்த வரியையும் எடைபோட முடியாது.

கம்பி பல்லைத் தள்ளிக்கொண்டு போய் எலும்புக்குள் செருகுவதில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி இழுக்கும்போது ஒரு பக்கம் அந்தப் படலம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து வழிவிடும். இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் இடைவெளியை நிரப்பும். இதைச் சுவீடனில் கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பவர் 1904-05 வாக்கில் நாய்களின் பற்களில் கம்பி போட்டு, நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். அவர் இன்னொன்றும் பார்த்தார். விசை அதிகமானால் அந்தப் படலத்தில் ரத்த ஓட்டம் நின்று, அந்த இடம் செத்துக் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. அந்தச் செத்த பகுதியை உடம்பு அகற்றி முடிக்கும்வரை பல் அப்படியே நிற்கும், வாரக்கணக்கில். அதாவது இறுக்கிக் கட்டினால் வேகம் கூடாது, குறையும். ஒவ்வொரு முறையும் "டாக்டர், இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பல் பிடுங்கிய இடத்தை மூடும்போது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்பது வழக்கமான வேகம். முன்கடைவாய்ப் பல் ஏழு மில்லிமீட்டர் அகலம். கணக்கு உங்களுக்கே வரும். வேகத்தைக் கூட்டும் எந்த முறையும் கடைசியில் அந்தக் கரைக்கும் செல்களை அதிகம் வரவழைப்பது, அல்லது சீக்கிரம் வரவழைப்பது. வேறு வழியே இல்லை.

சரி, கருவி. கையடக்கமான ஒரு உருளை, அதன் நுனியில் குதிரைலாடம் மாதிரி ஒரு ரப்பர் கடிப்பான். பல்லிடையே வைத்துக் கடித்துக்கொண்டு தினமும் 20 நிமிடம் உட்கார வேண்டும். இந்த வகையில் முதலில் பேர்வாங்கிய ஆக்சிலிடென்ட் கருவியின் அளவும் அதுதான்: 0.25 நியூட்டன் விசை, 30 ஹெர்ட்ஸ், நாளுக்கு 20 நிமிடம். பின்னால் வந்த வி-ப்ரோ ஃபைவ் (VPro5) என்ற கருவி அதை 120 ஹெர்ட்ஸாக்கி நேரத்தை 5 நிமிடமாகக் குறைத்தது. எனக்குக் கிடைத்தது முதல் வகையைச் சேர்ந்தது, வேறொரு நிறுவனத்துடையது.

ஒரு சனிக்கிழமை அதை வேலையிடத்துக்கு எடுத்துப் போனேன். ஓய்வு நேரத்தில்தான், மேலதிகாரிகள் படித்தால் கவனிக்கவும். கடிப்பானின் மேல் சின்ன உணரியை மெழுகு வைத்து ஒட்டி ஓட்டினேன். அலைவெண் தாளில் போட்டதை ஒட்டியே இருந்தது, அலையும் சுத்தம். மலிவு மோட்டார்களில் வரும் தேவையில்லாத இரைச்சல் எதுவும் இல்லை. செய்தவர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், அந்தப் பாராட்டு உண்டு. ஆனால் விரலால் இறுகப் பிடித்தால் வீச்சு சட்டென்று விழுகிறது. வாயில் கடிக்கும்போதும் அப்படித்தானே ஆகும்? ஒருவர் லேசாகக் கடிப்பார், ஒருவர் நெரிக்கக் கடிப்பார். பல்லுக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது என்பதைக் கருவி அளப்பதில்லை. எங்கள் தொழிலில் அளக்காத ஒன்றுக்கு உத்தரவாதம் கொடுத்தால் வேலை போய்விடும்.

பயன்படுத்தும் அனுபவம் எப்படி என்றால், ஜொள்ளு. முதல் சில நிமிடத்திலேயே வழியும், ஒரு துண்டை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கின் நுனி கூசும். பேச முடியாது, இது வீட்டில் சிலருக்குப் பிடித்திருந்தது. வசந்தம் ஒளிவழியில் செய்தி முடியும் நேரத்தில் என் 20 நிமிடமும் முடியும். வலி குறையும் என்று தாளில் போட்டிருந்தது. கம்பி மாற்றிய இரவில் கடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கும், எடுத்தவுடன் வலி திரும்பிவிடும்.

இனி ஆய்வுகள். கவுண்டர் தாளில் மேற்கோள் காட்டிய ஒரே ஆய்வு, 2015ல் அமெரிக்காவில் பாவ்லின் குழு வெளியிட்டது. 45 பேர். கருவி வைத்தவர்களுக்கு மாதம் 1.16 மில்லிமீட்டர், அதிராத போலிக் கருவி வைத்தவர்களுக்கு 0.79. பார்த்தால் பிரமாதம். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கருவியைச் செய்த நிறுவனம். அதே 2015ல் பிரிட்டனில் வுட்ஹவுஸ் குழு 81 இளையர்களை மூன்றாகப் பிரித்தது: உண்மையான கருவி ஒரு குழுவுக்கு, அதே தோற்றத்தில் அதிராத போலிக் கருவி ஒரு குழுவுக்கு, வெறும் கம்பி ஒரு குழுவுக்கு. பல் ஒழுங்காகும் வேகத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. வலியிலும் இல்லை. அதற்கும் முன்னால் 2012ல் ஆஸ்திரேலியாவில் மைல்ஸ் குழு வேறொரு அதிர்வுக் கருவியை, 111 ஹெர்ட்ஸில் ஓடுவதை, வைத்துப் பார்த்தது. அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. 2015ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, அறுவை இல்லாத விரைவு முறைகளைத் திரட்டிப் பார்த்தபோது எடுத்துக்கொள்ளத் தகுதியாக இரண்டே ஆய்வுதான் தேறியது, மொத்தம் 111 பேர். சான்றின் தரம் மிகக் குறைவு என்று எழுதினார்கள்.

அந்தப் போலிக் கருவி யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் 20 நிமிடம் பல்லைப் பற்றி நினைத்துக்கொண்டு உட்காரும் ஆள், ரப்பர் வளையத்தையும் மறக்காமல் போடுவான், துலக்குவதிலும் கவனமாக இருப்பான். அதனால் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தால் பேர் கருவிக்குப் போய்விடும். போலிக் குழு இல்லாமல் இதைப் பிரித்தறியவே முடியாது.

தாளின் இரண்டாவது வரி, ஒளிக் கருவி. ஆர்த்தோபல்ஸ் என்ற பெயரில் வந்தது பிரபலம். 850 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஈறு வழியாகப் பாய்ச்சும். செல்களின் ஆற்றல் உற்பத்தி கூடும் என்பது வாதம். லேசர் வைத்துச் செய்த சிறு ஆய்வுகள் சிலவற்றில் நல்ல பலனும் வந்திருக்கிறது, சிலவற்றில் இல்லை, அலைநீளமும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. நான் பயன்படுத்தவில்லை, ஆகவே மதிப்பெண் போடமாட்டேன்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். எலும்பைக் காயப்படுத்தினால் அந்த வட்டாரத்தில் எலும்பு கரைந்து கட்டும் வேலை வேகமெடுக்கும். எலும்பு முறிவு ஆறுவதைப் பார்த்து ஹெரால்ட் ஃப்ராஸ்ட் என்ற மருத்துவர் 1983ல் இதை விவரித்தார். பல்லுக்கு இதைப் பயன்படுத்தும் எண்ணம் இன்னும் பழசு. 1959ல் கோலே என்பவர் எலும்பின் கெட்டியான வெளி அடுக்கை வெட்டி, பல்லை வேகமாக நகர்த்தினார். எலும்புத் துண்டே பல்லோடு சேர்ந்து நகர்கிறது என்று நினைத்தார். 2001ல் அமெரிக்காவின் வில்கோ சகோதரர்கள், ஒருவர் ஈறு மருத்துவர், மற்றவர் கம்பி போடுபவர், அப்படி எதுவும் நகர்வதில்லை, எலும்பு தற்காலிகமாகத் தாதுச்சத்தை இழந்து இளகி நிற்கிறது என்று காட்டினார்கள். இதற்கு ஈறைப் பிரித்துத் திறக்க வேண்டும். 2009ல் டிபார் குழு, ஈறைத் திறக்காமல் சின்னக் கீறல் வழியே மீயொலிக் கத்தியால் எலும்பைக் கீறும் பியசோசிஷன் முறையைக் கொண்டுவந்தது. அதிலிருந்து இன்னும் சுருங்கி வந்ததுதான் நுண்துளை: ஒரு சின்னத் திருகு போன்ற கருவியால் ஈறு வழியே எலும்பில் இரண்டு மூன்று துளை.

நுண்துளைக்கு 2013ல் நியூயார்க்கிலிருந்து அலிகானி குழுவின் ஆய்வு வந்தது. கோரைப்பல் 2.3 மடங்கு வேகமாக நகர்ந்தது என்றார்கள். அந்த எண்ணை இன்றும் எல்லா விளம்பரத்திலும் பார்க்கலாம். 28 நாள்தான் அளந்தார்கள் என்பதை விளம்பரம் சொல்லாது. 2018ல் ஜோர்டானில் ஒரே வாயில் ஒரு பக்கம் துளை போட்டு, மறுபக்கம் போடாமல் மூன்று மாதம் அளந்தபோது இரண்டு பக்கமும் ஒரே வேகம். பெரிய வெட்டுக்கு வேகம் உண்டு, ஆனால் சில மாதத்தில் அந்த வேகமும் அடங்கிவிடும். நுண்துளைக்கு அதுவும் சந்தேகம். என் மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, உனக்கு அது வேண்டாம் என்றார். சிகிச்சை மொத்தத்தில் வெட்டுவது ஒருநாள் வேலை, அதன் வேகம் தீர்வதற்குள் இருவாரத்துக்கு ஒருமுறை உன்னால் வர முடியுமா என்று திருப்பிக் கேட்டார். ஷிப்டு பார்க்கும் ஆள், எங்கே வருவது?

தன் கிளினிக் விற்கும் பொருளைத் தானே வேண்டாம் என்று சொன்ன அந்த மருத்துவருக்குத்தான் நாலரை. அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், அதைத் தாள் நீட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். கவுண்டருக்கும் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

அவர் சொன்னதில் எனக்கு இதுவரை யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பல் சீரமைப்பில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் பாதி வேலை வேகத்தைக் குறைப்பது. என் வாயில் நடப்பது ஒரு கயிறு இழுக்கும் போட்டி: முன்பற்களைப் பின்னால் இழுக்க, கடைவாய்ப் பற்களில் கட்டி இழுக்கிறார்கள். கடைவாய்ப் பல்லும் அதே விசையில் முன்னால் வரப் பார்க்கும். அது வந்துவிட்டால் பிடுங்கிய இடம் வீணாகப் போகும், முன்பல் பாதி தூரத்திலேயே நிற்கும். அதனால் எனக்கு மேலே இரண்டு பக்கமும் மினி ஸ்குரூ. ஆணி மாதிரி எலும்பில் ஏற்றுவார்கள். அதற்கு நார்ப்படலம் கிடையாது, எனவே பல்லைப்போல அது நகராது. முன்பற்கள் மட்டும் வரும். போடும்போது மரப்பு ஊசி போட்டதால் வலி இல்லை, ஆனால் எலும்பில் திருகு ஏறும் சத்தம் மண்டைக்குள் கேட்கும், அது மட்டும் வேறு மாதிரி. என் சிகிச்சையில் காசுக்கு முழு மதிப்புத் தந்த ஒரே உலோகத் துண்டு அதுதான்.

தெரியாமல் பிரேக் போடும் வழியும் உண்டு. கம்பி இறுக்கிய இரவில் வலிக்கு ஐபுபுரூஃபன் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, பனடால் (பாராசிட்டமால்) போதும் என்றார்கள். எலும்பைக் கரைக்கும் வேலைக்கு உடம்பு புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருளை விடுகிறது; ஐபுபுரூஃபன் அதைத் தடுக்கும். விலங்குகளில் செய்த சோதனைகளில் பல் நகர்வு மந்தமாகியிருக்கிறது. அதே பொருளை 1980களில் ஜப்பானில் யமசாகி குழு ஊசியாகச் செலுத்தியபோது பல் வேகமெடுத்தது, ஆனால் ஊசியே வலி தருவது, அதனால் யாரும் அதைக் கடையில் விற்க வரவில்லை. ஓரிரு இரவு ஐபுபுரூஃபனால் சிகிச்சை நின்றுவிடாது, தினமும் சாப்பிடுபவர்கள் மட்டும் சொல்லிவிட வேண்டும். இதைவிட முக்கியமானது, எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரை சாப்பிடும் அம்மாக்கள், அத்தைகள். அந்த மாத்திரை கரைக்கும் செல்களையே முடக்குகிறது. வயதானபின் கம்பி போட ஆசைப்பட்டால் முதல் நாளே மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

இப்போது கவுண்டர் கதை. வாடகைக் காலம் முடிந்து கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது முன்பணத்தில் கடிப்பானுக்கு என்று ஒரு தொகையைப் பிடித்தார்கள். ஒருவர் கடித்ததை இன்னொருவருக்குத் தரமுடியாது, நியாயம்தான். ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. வாதாடியபின் திருப்பித் தந்தார்கள், இரண்டு முறை தொலைபேசியில் கேட்டபிறகு. கருவி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது என்று சுவரொட்டி வேறு. அந்த மாதிரிக் கருவிகளுக்கு அங்கே கொடுப்பது பெரும்பாலும், ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு ஈடான பாதுகாப்பு உண்டு என்ற ஒப்புதல். மாதக் கணக்கில் குறையும் என்பதற்கான முத்திரை அல்ல. கேட்டதற்கு, "பாஸ் சொன்னதுதான் அங்கிள்" என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, தாளை அச்சடித்தவரைச் சொல்ல வேண்டும்.

உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்தும் விஷயங்கள் இலவசம், அதனால் தாளில் வராது. ரப்பர் வளையத்தைச் சொன்ன நேரம் முழுக்கப் போட வேண்டும். பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் துண்டு) உடைந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே கூப்பிட வேண்டும். அதுவரை அந்தப் பல்லில் வேலை நடக்காது. தீபாவளிக்கு முறுக்கைத் தூளாக்கித் தயிர்சாதத்தில் போட்டுச் சாப்பிட்டேன், அது தனிச் சுவை, கம்பி போடாதவர்களும் முயலலாம். ஐஸ் கட்டியைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

யாரிடம் போவது என்று கேட்பவர்களுக்கு: சிங்கப்பூரில் பொதுப் பல் மருத்துவர்களும் கம்பி போடுகிறார்கள். பல் சீரமைப்பு தனிச் சிறப்புத்துறை, சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் நிபுணர் பட்டியலில் பேரைத் தேடிப் பார்க்கலாம். சிக்கலான வாய் என்றால் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். காசு நெருக்கடி என்றால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரை வாங்கி தேசிய பல் மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். காத்திருக்க வேண்டிவரும். இந்த விரைவுத் தாளை அங்கே யாரும் நீட்டுவதில்லை என்று என் தங்கை சொல்கிறாள், அவள் மகளுக்கு அங்கேதான்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போனால் பாதி விலை என்று என் வேலையிட நண்பர்கள் இருவர் அங்கே போட்டிருக்கிறார்கள். விலை உண்மைதான். ஆனால் மாதம் ஒருமுறை எல்லையைக் கடக்கும் காஸ்வே பாதையில் நிற்க வேண்டும், பிராக்கெட் உடைந்தால் அதற்கும் நிற்க வேண்டும். பலர் இரண்டு சந்திப்பை ஒன்றாக்கிவிடுகிறார்கள். அப்படி விடுபடும் மாதங்களை எந்த அதிர்வுக் கருவியும் மீட்டுத் தராது. அவர்களில் ஒருவருக்கு அங்கேயும் இந்த மாதிரி ஒரு கருவியைக் காட்டியிருக்கிறார்கள், வாங்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். கருவி செய்தவர்கள் பணம் கொடுக்காத, போலிக் கருவியோடு ஒப்பிட்டுப் பலன் கண்ட ஆய்வு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், காட்டினால் வாங்குங்கள் என்றேன். இன்னும் வாங்கவில்லை.